பேர் போட்ட துண்டு

பாலசுந்தரத்தின் துண்டு தண்ணீரை உறிஞ்சாது. இதை முதலில் வாய்விட்டுச் சொன்னவன் அவருடைய மைத்துனன் முருகானந்தம். ஆடிப்பெருக்கன்று குமாரபாளையம் படித்துறையில் குடும்பத்தோடு குளித்துவிட்டு ஏறியபோது, புதுத் துண்டு ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து எல்லோர் முன்னாலும் அவன் கையில் கொடுத்தவர் பாலசுந்தரமேதான்.

முருகானந்தம் தலையைத் துவட்டினான். முதுகைத் துவட்டினான். பிறகு துண்டை உதறி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.

"ஏனுங் மாமா, இது துண்டுங்களா, தகரங்களா? துவட்டத் துவட்டத் தண்ணி எடம் மாறுதே தவிர மேல இருந்து எறங்கமாட்டேங்குது."

படியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பாலசுந்தரமும் சிரித்தார்.

"நாலு தண்ணி பாக்கோணும் மாப்ள. அப்பறம் பாரு, பஞ்சாட்டம் ஆயிரும்."

"அந்த நாலு தண்ணியையும் நீங்களே பாத்துக் குடுத்தா ஆகாதுங்களா?"

அவருடைய மனைவி அமுதவல்லி தம்பியை அதட்டினாள். "பேசாம துவட்டுடா. ஓசில குடுத்தா வாய் நீளுது." அதட்டிவிட்டு, தன் தலையைப் பழைய சேலைத் துணியில் சுற்றிக்கொண்டாள். பாலசுந்தரம் அதைப் பார்க்காத மாதிரி ஆற்றைப் பார்த்தார்.

இருபத்தைந்து வருடமாக அவர் கூலிக்கு நெய்தவர். வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறிகள். நூலை வியாபாரி கொண்டுவந்து இறக்குவார், துணியை அவரே ஏற்றிக்கொண்டு போவார். நடுவில் ஓடுவது மட்டும் பாலசுந்தரத்தின் தறி. அந்தத் துணி எங்கே போகிறது, யார் உடுத்துகிறார்கள் என்று அவர் கேட்டதில்லை. திருச்செந்தூருக்குச் சாமி கும்பிடப் போன ஒரு பயணத்தில்தான் கேட்கத் தோன்றியது. லாட்ஜ் அறையில் கட்டில்மேல் வைத்திருந்த துண்டை எடுத்தவர் குளிக்கப் போகாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கரையில் ஓர் இழை விட்டு ஓர் இழை தடித்து ஓடும் அந்த வாகு அவருடைய மூன்றாவது தறியில் மட்டுமே விழும். அது அந்தத் தறியின் கோளாறு. துண்டின் மூலையில் தைத்திருந்த சீட்டிலோ முன்பின் கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது.

"அமுதா, இது நாம நெய்ஞ்சது."

"நல்லாத்தான் இருக்குது. குளிச்சுட்டு வாங்க, நடை சாத்தீருவாங்க."

ஊர் திரும்பிய பிறகும் அவரால் அதை மறக்க முடியவில்லை. சொந்தமாகத் துண்டு போட்டு, சொந்தப் பெயரில் விற்பது என்று முடிவு செய்தார். வீட்டுக்கு மாடி எடுப்பதற்காகச் சேர்த்திருந்தது நூலாக மாறியது. பெயர் என்ன வைப்பது என்று யோசிக்கவே இல்லை. ஒரே மகள் தமிழினி, திருச்செங்கோட்டில் பி.காம். படிக்கிறாள். அவள் பெயர்தான்.

"என்ற பேரு எதுக்குங்கப்பா? பூ, யானை, ஏதாச்சும் போடுங்க" என்றாள் அவள்.

"யானை உன்னாட்டம் வருமா சாமி? பொட்டப்புள்ள பேருல ஆரம்பிச்சா கை நெறைய நிக்கும்."

சீட்டு தைத்தால் இரண்டு துவைப்பில் பிய்ந்துவிடும் என்று, பெயரைக் கரையிலேயே நெய்துவிட ஏற்பாடு செய்தார். எழுத்து விழுவதற்கென்று பழைய ஜக்கார்டு பெட்டி ஒன்றை வாங்கித் தறிமேல் ஏற்றினார். ஊரில் அதற்கு அட்டை அடிக்கிறவர் வெள்ளியங்கிரி. எழுத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து, எந்த இழை மேலே எழும்ப வேண்டும், எது கீழே தங்க வேண்டும் என்று அட்டைகளில் துளை போட்டுக் கொடுப்பார். தறி அதைப் பார்த்து நெய்யும். முதல் துண்டின் வெள்ளைக் கரையில் 'தமிழினி' என்று சிவப்பில் எழும்பி வந்தபோது பாலசுந்தரம் தறியை நிறுத்திவிட்டு மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

தவறு கஞ்சியில் இருந்தது. அவர் நெய்த துணியை ஆயுசு முழுக்க எடை போட்டவர்கள் வியாபாரிகள். வியாபாரி துணியைப் பிரிப்பார், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு நிமிண்டு நிமிண்டுவார், உதறிப் பார்ப்பார். மொடமொடவென்று நின்றால் நல்ல துணி. தொங்கினால் விலையைக் குறைப்பார். எந்த வியாபாரியும் பாலசுந்தரத்தின் முன்னால் தலை துவட்டிக் காட்டியதில்லை. அதனால் சொந்தத் துண்டு என்று வந்ததும், தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சியைத் தாராளமாகப் போடச் சொன்னார். துண்டு மடிப்புக் கலையாமல், அட்டை மாதிரி, பளபளவென்று வந்தது. கையில் வாங்கியவர்கள் எல்லாரும் "நெம்ப ஜோருங்க" என்றார்கள். குளித்தவர்கள் யாரும் மறுபடி கேட்கவில்லை.

சேலத்து லாட்ஜ் ஒன்று ஒரு கட்டு வாங்கியது. அடுத்த வாரமே திருப்பி அனுப்பியது. தமிழினி இணையத்தில் விற்பதற்கு வழி செய்தாள். வாங்கியவர்கள் எழுதியதைச் சாப்பிடும்போது அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்.

"'பார்சல் சீக்கிரம் வந்தது'ன்னு ஒருத்தர் எழுதியிருக்கறாருங்கப்பா. 'வெள்ளை நல்ல வெள்ளை'ன்னு ஒருத்தர்."

அவள் விரல் திரையைத் தள்ளிக்கொண்டே போனது. படித்தது இரண்டு வரி, தள்ளியது இருபது வரி. 'மழைக்குப் பிடிக்கலாம்' என்று ஒருவர் எழுதியிருந்ததை அவர் பிறகு தாமாகவே கண்டுபிடித்துப் படித்தார். அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள்.

துவைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு கட்டைத் தொட்டியில் போட்டுப் பார்த்தார். கஞ்சி போயிற்று. கூடவே சிவப்பும் இறங்கி, மகள் பெயர் ரோஸ் கறையாகக் கரை முழுக்கப் பரவிவிட்டது. அந்தக் கட்டைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார். தறியில் எண்ணெய் துடைக்க ஆயிற்று.

பழைய வியாபாரியிடம் மறுபடி கூலிக்கு நூல் கேட்டுப் போனார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வாங்கிவரச் சொன்னார்.

"மொதலாளி ஆயிட்டீங்களேங்க. உங்களுக்கு நான் கூலி குடுத்தா ஊரு என்னையத்தானுங்க பேசும்."

மரியாதையாகத்தான் சொன்னார். பாலசுந்தரம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. கோயிலுக்குப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டு போனார்.

இந்தச் சமயத்தில்தான் மாரியப்பன் வந்தான். திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவன். நாற்பது வயது, கலகலவென்று பேசுவான். முதலில் ஒரு கட்டு எடுத்துப் போனான். பத்து நாளில் மூன்று கட்டு கேட்டான். பிறகு வாரா வாரம் கேட்டான். நின்றிருந்த தறிகள் ஓடின. பாலசுந்தரம் கொட்டகைமேல் 'தமிழினி டெக்ஸ்' என்று பெயிண்டில் எழுதினார். சுற்றிப் போவதை விட்டுவிட்டு, பழைய வியாபாரியின் தெரு வழியாகவே மொபெட்டில் மெதுவாகப் போனார்.

"சரக்கு நல்லா இருந்தா எடம் பாத்துப் போய்ச் சேர்ந்துக்கும்" என்று முருகானந்தத்திடம் சொன்னார்.

"எந்த எடத்துலீங் மாமா ஓடுது?"

"திருச்செங்கோடு பக்கம் நல்லா ஓடுது."

"அப்ப அங்க யாரும் குளிக்கறதில்லீங்களாட்டம் இருக்குது."

அன்று அதற்கும் சிரித்தார்.

மார்கழியில் ஒருநாள் வண்டிக்காரன் வரவில்லை என்று தாமே கட்டுகளை ஏற்றிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் போனார். துண்டு யார் வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. மாரியப்பனின் கடையை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு பக்கம் பூக்கடை. ஆளுயர மாலைகள் தொங்கின. இன்னொரு பக்கம் ஊதுபத்தி, பன்னீர், சூடம். கடையின் முன்மேசையிலேயே அவருடைய துண்டுகள் அடுக்கி இருந்தன, பெயர் வெளியே தெரிகிற மாதிரி. அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய ஆண்கள் பூக்கடையில் மாலை வாங்கிக்கொண்டு நேராக இந்தக் கடைக்கு வந்தார்கள்.

"கோடி நாலு குடுப்பா. அந்தப் பேர் போட்ட துண்டே குடு."

மாரியப்பன் எண்ணிக் கொடுத்தான். அவர்கள் துண்டுகளை மாலைமேல் வைத்துக்கொண்டு ஏறிப் போனார்கள். எழவு வீட்டுக்குப் போகிறவர்கள் பிணத்தின்மேல் போர்த்த வாங்குகிற புதுத்துணி அது. ஈரோட்டிலிருந்தும் பள்ளிபாளையத்திலிருந்தும் வந்து பஸ் மாறுகிற உறவுக்காரர்கள் எல்லாம் மாலையும் கோடியும் வாங்குகிற இடம் அந்தத் திருப்பம்.

பாலசுந்தரம் கட்டை இறக்காமல் நின்றார்.

"இதுக்குத்தான் போகுதா, மாரியப்பா?"

"வேற எதுக்குங்ணா? உங்க துண்டாட்டம் ஒண்ணு கோடிக்குக் கெடைக்கவே கெடைக்காதுங்ணா. மேல போட்டா மடிப்புக் கலையறதில்ல, சுருங்கறதில்ல, சும்மா தகடாட்டம் நிக்கும். பாக்கறவங்க கண்ணுக்குப் பெரிய துணியாட்டம் தெரியும். எழவு ஊட்டுல அதுதானுங்க வேணும்?"

"அதுல பேரு இருக்குது."

"பேரு இருக்கறதாலதான் ஓடுதுங்ணா. வெறுந்துண்டு போட்டா இவ்வளவுதானான்னு பாப்பாங்க. பேரப் போட்டா கம்பெனித் துண்டுன்னு தெரியும். பேர மட்டும் எடுத்தறாதீங்க. செத்தவங்க படிக்கவா போறாங்க?"

பாலசுந்தரம் கட்டை இறக்கினார். கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினார். சங்ககிரி வரும்வரை, இன்றே அட்டையைக் கழற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தார். கழற்ற அரை நாள் போதும். குமாரபாளையம் வந்ததும், கையிலிருக்கிற பாவு முடியட்டும் என்று நினைத்தார். அந்தப் பாவு முடிந்தது. அடுத்ததை ஏற்றினார். வீட்டில் சொல்லவில்லை. தமிழினி பக்கத்தில் வந்து உட்காரும்போதெல்லாம் ஏதாவது வேலை இருப்பதுபோல் எழுந்து போனார். பொங்கலுக்கு அவளுக்கு வழக்கத்தைவிட விலை கூடுதலாகச் சுடிதார் எடுத்துக் கொடுத்தார்.

மாசி மாதம் அவளுடைய கல்லூரியில் கூப்பிட்டார்கள். சொந்தமாகத் தொழில் தொடங்கியவர்களைப் பிள்ளைகள் முன்னால் பேசவைக்கும் கூட்டம். தமிழினிதான் அப்பாவின் பெயரைக் கொடுத்திருந்தாள். ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போய், மேடையில் மைக்கைப் பிடித்து, "நம்ம பேசக் கூடாதுங்க, தரந்தான் பேசோணும்" என்றார். கைதட்டினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மகள் பக்கத்திலிருந்தவளின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஒரு பையன் எழுந்து, "உங்க வாடிக்கையாளர்கள் யாருங்க சார்?" என்று கேட்டான்.

"எல்லாருந்தான் தம்பி. அது வேண்டாங்கறவங்க யாரும் இல்ல" என்றார். மறுபடி கைதட்டினார்கள். வீடு வந்து சட்டையைக் கழற்றியபோது உள்ளே பனியன் நனைந்திருந்தது.

பங்குனியில் அமுதவல்லியின் பெரியப்பா கைலாசம் மல்லசமுத்திரத்தில் இறந்துபோனார். காலையில் போன் வந்தது. முருகானந்தம் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பாலசுந்தரம் அதற்குள் குமாரபாளையத்திலேயே வேட்டியும் மாலையும் வாங்கி வைத்திருந்தார்.

"திருச்செங்கோட்டுல வாங்கியிருக்கலாமுங்களே, மால வாடிருமே" என்றாள் அமுதவல்லி.

"அங்க நிறுத்த எடம் இருக்காது."

தமிழினிக்கு அன்று தேர்வு இல்லை. அவளும் வந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கார் திருச்செங்கோட்டைத் தாண்டும்போது பஸ் ஸ்டாண்டுத் திருப்பத்தில் நான்கைந்து தெரிந்த முகங்கள் மாலையோடு நிற்பதைப் பார்த்தார். அவர்கள் கையில் வெள்ளையாக மடித்த துணிகள். கும்பிட்டார்கள். இவரும் கும்பிட்டார்.

பந்தலில் கைலாசத்தைக் கிடத்தியிருந்தார்கள். மேளக்காரர்கள் ஒரு பக்கம். ஒவ்வொரு ஊர்க்காரர்களாக வர வர, தலைமாட்டில் நின்ற ஆள் சத்தம்போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். "பள்ளிபாளையத்துச் சம்மந்தி ஊட்டுக் கோடி! சங்ககிரி மாமன் ஊட்டுக் கோடி!"

முதல் துண்டு விழுந்தபோது பெயர் உள்பக்கம் மடிந்திருந்தது. பாலசுந்தரம் மூச்சு விட்டார். இரண்டாவது துண்டை நெஞ்சின்மேல் விரித்துப் போட்டார்கள். சிவப்பு எழுத்து நேராக நின்றது. மூன்றாவது அதற்குக் கீழே, வயிற்றின்மேல். நான்காவது காலில். எல்லாவற்றிலும் ஒரே பெயர். கஞ்சி போட்ட துணி ஆனதால் காற்றுக்கும் அசையவில்லை, எட்ட நின்றே படிக்க முடிந்தது.

தமிழினி பெண்கள் பக்கம் அம்மாவோடு நின்றிருந்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை போலிருந்தது. தலையைச் சாய்த்து ஒருமுறை பார்த்தாள். பிறகு மற்றொரு துண்டைப் பார்த்தாள். அவள் துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டதை இவர் பார்த்தார்.

கைலாசத்தின் தங்கை மகள் சுப்பம்மாள் மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதவள். அழுதுகொண்டிருந்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏஞ்சாமி, அது உன்ற பேருதானே? உங்கப்பன் எதுக்கு உன்ற பேரக் கொண்டாந்து பொணத்து மேல போட்டிருக்கறான்? கல்யாணம் ஆகோணுங்கற புள்ள பேர!"

அமுதவல்லி மகளின் தோளைப் பிடித்தாள்.

"அப்பாவுக்குத் தெரியாதுங்கத்தை" என்றாள் தமிழினி. "அவரு தலை துவட்டற துண்டுன்னுதான் நெய்யறாரு. கடைக்காரங்க வாங்கிட்டுப் போயி எதுக்கு விக்கறாங்கன்னு அவருக்கு எப்புடித் தெரியும்?"

சொல்லிவிட்டு, அப்படித்தானே என்று கேட்பதுபோல் அவரைப் பார்த்தாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

பாலசுந்தரம் தலையை ஆட்டினார்.

"பாவம், தெரியாம ஆகிப்போச்சாட்டம்" என்றாள் சுப்பம்மாள். மறுபடி அழத் தொடங்கினாள்.

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் முருகானந்தம் கைலாசத்தின் பக்கத்தில் போய்க் குனிந்து, ஒவ்வொரு துண்டாக எழுத்துள்ள கரையை உள்பக்கம் மடித்து வைத்தான். புதிதாக ஒன்று வந்து விழ விழ அதையும் மடித்தான். எடுக்கும்வரை அங்கேயே நின்றான். அவன் தம்மைக் கேலி செய்திருந்தால் தேவலை என்று பாலசுந்தரத்துக்கு இருந்தது.

திரும்பும்போது காரில் தமிழினி ஒருமுறை, "அந்தக் கடைக்காரரக் கூப்புட்டுக் கேளுங்கப்பா" என்றாள். "கேக்கறேன் சாமி" என்றார்.

எழவு வீட்டிலிருந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். பெண்கள் முதலில் குளித்து உள்ளே போனார்கள். பாலசுந்தரம் போனை அமுதவல்லியிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறத் தொட்டியடிக்குப் போனார். நாலு சொம்பு ஊற்றியிருப்பார். உள்ளே போன் அடித்தது. அமுதவல்லி எடுத்தாள். மாரியப்பனின் குரல் எப்போதும் பக்கத்து வீடுவரை கேட்கும்.

"அண்ணா இல்லீங்களா? பரவால்லீங்கக்கா, சொல்லீருங்க. இன்னைக்கு மல்லசமுத்திரத்துல பெரிய சாவு, இனி ஒரு கட்டுதான் மிச்சம். நாளைக்கே அனுப்பச் சொல்லுங்க. அப்பறம் பேரு எடுக்கலாமான்னு மார்கழிலயே அண்ணா ரோசன பண்ணிட்டு இருந்தாருங்க. நாந்தான் வேண்டாம்னேன். இன்னைக்குப் பாத்தீங்களா, எல்லாரும் பேரக் கேட்டுத்தான் வாங்கறாங்க."

பாலசுந்தரம் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஈரம் சொட்டியது. துண்டு கேட்க வாய் வரவில்லை. கதவு திறந்தது. அமுதவல்லி அவருடைய பழைய லுங்கி ஒன்றைத் தொட்டிச் சுவர்மேல் போட்டாள்.

"மார்கழிலயே தெரியுங்களா?"

"தெரியும்."

"அப்ப காலேசுல போய்ப் பேசுனப்ப?"

"தெரியும்."

"அங்க அத்தன சனத்துக்கு முன்னால, புள்ள உங்களுக்காக வாயக் குடுத்தப்ப?"

அவர் லுங்கியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நான் கோடி நெய்யறதத் தப்புன்னு சொல்ல மாட்டனுங்க. அதையும் யாரோ ஒருத்தர் நெய்ஞ்சுதான் ஆகோணும். அவ்வளவு நல்ல யாவாரம், பேரு இருந்தாத்தான் ஓடும்னா, உங்க பேரப் போட்டு நெய்யறதுதானுங்க? ஆம்பளப் பேரு, இன்னும் எடுப்பா இருக்கும்."

கதவைச் சாத்திவிட்டாள்.

மறுநாள் காலை அவர் தேங்காய்ச் சட்னியைத் தொட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "இன்னைக்குப் போயி என்ற பேர அடிக்கக் குடுத்துட்டு வாரேன்" என்றார். அமுதவல்லி தோசையைத் திருப்பினாள். தமிழினி தட்டோடு எழுந்து போனாள்.

அட்டை அடிக்கும் வெள்ளியங்கிரி கட்டம் போட்ட தாளை எடுத்துப் பென்சிலைக் கூர்தீட்டினார்.

"பேர மாத்தறீங்களாட்டம். சொல்லுங்க, என்ன பேரு?"

பாலசுந்தரம் வாயைத் திறந்தார். தாளின் வெள்ளை கண்ணில் பட்டது. கைலாசத்தின் நெஞ்சு தெரிந்தது. அதன்மேல் தம் பெயர் சிவப்பில், எழுத்துக்கு எழுத்து. வாரா வாரம் ஊர் ஊராகப் போய் யார் யார் மேலோ படுத்து, அவர்களோடு சுடுகாட்டுக்குப் போகும். தமக்குச் சகுனம், சாத்திரம் என்று பெரிய நம்பிக்கை கிடையாது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

"என்னங்க, மறந்துட்டீங்களா?" வெள்ளியங்கிரி சிரித்தார்.

"பேரு வேண்டாம். வெறுங்கரை போதும்."

"வெறுங்கரைக்கு நான் எதுக்குங்க? பொட்டியக் கழட்டி வெச்சா முடிஞ்சுது."

வீட்டுக்கு வந்தபோது தமிழினி கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அமுதவல்லி சமையலறையிலிருந்தே கேட்டாள்.

"குடுத்தாச்சுங்களா?"

"இல்ல."

"ஏனுங்க?"

பொய் சொல்ல நிறைய இருந்தது. வெள்ளியங்கிரி ஊரில் இல்லை என்று சொல்லலாம். அட்டை தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். பாலசுந்தரம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ற பேரச் சொல்ல வாய் வல்ல."

தமிழினி புத்தகத்தை மூடினாள். முந்தைய நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள்.

"என்ற பேரு மட்டும் எப்புடிங்கப்பா நாலு மாசமா வந்துச்சு?"

அவர் கொட்டகைக்குப் போய்ப் பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்தார். சாயங்காலம் தறி வெறுங்கரையில் ஓடியது. போனில் மாரியப்பன் கத்தினான். வெறுந்துண்டு பாதிகூடப் போகாது என்றான். போகிற வரைக்கும் போகட்டும் என்றார்.

மாரியப்பனின் கடையில் பேர் போட்ட துண்டு இன்னும் ஒரு கட்டு மிச்சம் இருந்தது. அடுத்த நாள் காலை அதை எடுத்துவர மகள் போகிற பஸ்ஸிலேயே அவரும் ஏறினார். அவள் முன்பக்கம் உட்கார்ந்தாள், இவர் பின்பக்கம். திருச்செங்கோட்டில் இறங்கியதும் அவள் எப்போதும்போல் உள்ளேயே கல்லூரிப் பஸ்ஸுக்கு மாறாமல், வெளித் திருப்பம்வரை வந்து பூக்கடை ஓரமாக நின்றாள்.

மேசைக்கு முன்னால் ஒரு பெரியவர், எழவுக்குப் போகிற அவசரத்தில், துண்டை வாங்கி மாலையோடு கையில் வைத்திருந்தார். மாரியப்பன் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான்.

"ஐயா, அதத் திருப்பிக் குடுத்தறீங்களா?" என்றார் பாலசுந்தரம். "அது என்ற புள்ள பேருங்க. தெரிஞ்சேதான் போட்டு வித்துட்டேன்."

"அண்ணா, யாவார நேரத்துல என்னங்ணா இது" என்றான் மாரியப்பன்.

பெரியவர் கரையிலிருந்த எழுத்தைப் படித்தார்.

"புள்ள இருக்குதுங்களா?"

பாலசுந்தரம் பூக்கடைப் பக்கம் கையைக் காட்டினார். பெரியவர் திரும்பி அவளைப் பார்த்தார். கையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்ற தமிழினி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பாலசுந்தரத்துக்குத்தான் தலை நிமிரவில்லை. பெரியவர் துண்டை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார்.

"வேற எதாச்சும் குடுப்பா, வெரசா. அங்க எடுத்துருவாங்க."

மாரியப்பன் முணுமுணுத்துக்கொண்டே வேறு அடுக்கிலிருந்து ஒன்றை உருவினான். பாலசுந்தரம் மிச்சக் கட்டை இறக்கிக் கயிறு போட்டுக் கட்டினார். தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பியபோது மகள் பஸ்ஸை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவர் கூப்பிடவில்லை.